காரணப் பெயர் இடுகுறியான கதை: ஆங்கிலேயர் குடும்பப் பெயர்களின் தோற்றமும் பொருளும்

திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி. யு. போப், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் அளித்த கால்டுவெல், அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே தென்னிந்திய மொழிகளின் தனித்தன்மையை எடுத்துரைத்த எல்லிஸ் ஆகியோரின் பெயர்கள் தமிழன்பர் அனைவரும் அறிந்தவை. சென்னை நகரத்தார் நாவில் பாரிமுனையும் ஸ்பென்சரும் நாள்தோறும் புழங்குகின்றன. இப்பெயர்களைச் சொல்லுவோர் பலர். அவற்றின் பொருள் யாதென வினவுவோர் மிகச் சிலர்.

வினவினால் விடை சுவையாகவே இருக்கிறது. கால்டுவெல் என்பது ‘குளிர்ந்த ஊற்று’ என்று பொருள்படும் ஓர் ஊர்ப்பெயர். எல்லிஸ், எலியாஸ் என்னும் விவிலியப் பெயரின் மரூஉ. ஸ்பென்சர், செல்வர் மாளிகையில் உணவுப் பொருள்களைப் பகிர்ந்தளித்த பண்டகக் காப்பாளரைக் குறித்த சொல். பாரி என்பது கடையெழு வள்ளல்களுள் ஒருவனை நினைவூட்டினாலும், வேல்சு மொழியில் ‘ஹாரியின் மகன்’ எனப் பொருள்படும் ‘ஆப் ஹாரி’ என்னும் தொடர் சுருங்கிய வடிவமே ஆகும். போப் என்பதோ பாப்பரசரைக் குறிக்கும் சொல். பாப்பரசரைப் போல் நடந்துகொண்ட எவரோ ஒருவருக்கு அக்கம்பக்கத்தார் சூட்டிய பட்டம். ஊர், தந்தை, தொழில், பட்டம் ஆகிய நான்கும் இவ்வைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்கள் பல்லாயிரமாயினும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்நான்கு வகைக்குள் வந்துவிடும்.

பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாக வகுப்பது தமிழிலக்கண மரபு. அவ்விலக்கணத்தின் துணைகொண்டு நோக்கினால், ஆங்கிலேயர் குடும்பப் பெயர்களின் வரலாற்றை ஒரே தொடரில் சொல்லிவிடலாம்: ஒருவருக்குக் காரணம் பற்றி அமைந்த பெயர், அவர் வழிவந்தோருக்கு இடுகுறியாகிப் போன வரலாறே அது. அம்மாற்றம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் நிகழ்ந்தது. அது தானாகவும் நிகழவில்லை. நிலவுரிமையும், நீதிமன்றமும், வரிக்கணக்கரின் எழுதுகோலும் அதனை நிகழ்த்தின.

ஒற்றைப் பெயர்க் காலம்

1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வெல்வதற்கு முன்னர், அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தனர். ஆல்பிரட், எட்வர்டு, காட்வின், வுல்ப்ஸ்டன் என்றாற்போன்ற அப்பெயர்கள் இரு சொற்களை இணைத்து ஆக்கப்பட்டவை. இணைப்புகள் எண்ணிறந்தனவாக அமையக்கூடுமாதலால் ஓரூரில் ஒரே பெயருடையார் பலர் இருக்கும் நிலை அரிதாகவே ஏற்பட்டது. தேவைப்பட்டபோது தந்தை பெயரையோ ஊரையோ அடையாக்கிச் சொல்லினர். வில்லியத்தை எதிர்த்துப் போர்க்களத்தில் மாண்ட மன்னர் ஹெரால்டு, காட்வினின் மகன் என்பதால் காட்வின்சன் என அறியப்பட்டார். அது அவரைச் சுட்டிய அடைமொழி மட்டுமே. குடும்பத்தின் பெயர் அன்று.

வெற்றி பெற்ற நார்மானியர் தம் மொழியோடு தம் பெயர்களையும் கொண்டுவந்தனர். வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி, ரோஜர், வால்டர், ஹியூ என்பன அவை. ஆள்வோர் பெயரை ஆளப்படுவோர் விரும்பி ஏற்பது உலக இயல்பு. மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் உழவரும் கைவினைஞரும் தம் பிள்ளைகளுக்கு அப்பெயர்களையே இட்டனர். பழைய ஆங்கிலப் பெயர்களுள் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. திருச்சபையின் செல்வாக்கால் ஜான், தாமஸ் முதலிய புனிதர் பெயர்களும் பெருகின. பதினான்காம் நூற்றாண்டளவில் ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்டு, ராபர்ட் ஆகிய ஐந்து பெயர்களுக்குள்ளேயே ஆடவரில் பாதிக்கும் மேற்பட்டோர் அடங்கிவிட்டனர்.

ஒரு சிற்றூரில் பத்து ஜான்கள் இருந்தால் எந்த ஜான் என்னும் வினா எழாதிருக்குமா? ‘பாலத்தடி ஜான்’, ‘கொல்லர் ஜான்’, ‘வில்லியத்தின் மகன் ஜான்’, ‘செம்பட்டை ஜான்’ என ஊரார் வேறுபடுத்தினர். குடும்பப் பெயர்களின் வித்து இதுவே. அப்பெயரை ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. அயலார் எவ்வாறு கண்டனரோ அவ்வாறே அவர் அழைக்கப்பட்டார்.

நிலமும் பெயரும்

அடைமொழியை முதன்முதலில் பரம்பரைச் சொத்தாக்கியவர்கள் நார்மானியப் பிரபுக்களே. மாண்ட்கோமரி, மார்ட்டிமர், பெர்சி, சின்கிளேர் என இன்றும் வழங்கும் பெயர்கள் யாவும் பிரெஞ்சு மண்ணில் அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள். மன்னர் வில்லியத்தின் ஆணையால் 1086ஆம் ஆண்டில் நிலங்களும் உடைமைகளும் கணக்கெடுக்கப்பட்டு ‘டூம்ஸ்டே’ என்னும் பெருநூல் உருவாயிற்று. எந்நிலம் எவருக்கு உரியது என்பது எழுத்தில் ஏறிய பின், அந்நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும்போது பெயரும் உடன் சென்றால் உரிமைக்கு வலிமை உண்டாயிற்று.

பிரபுக்களுக்குப் பொருந்தியது காலப்போக்கில் எளியோருக்கும் பொருந்தலாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ‘மேனர்’ எனப்பட்ட பண்ணைகளின் நீதிமன்றங்கள் தம் நடவடிக்கைகளைத் தோல் சுருள்களில் எழுதிவைக்கத் தொடங்கின. பண்ணையாள் இறந்தால் அவருடைய சிறு நிலம் எவருக்குச் சேரும், எவர் எவ்வளவு கட்டணம் செலுத்தினார், எவருடைய மாடு அயலார் பயிரை மேய்ந்தது என்பன யாவும் அச்சுருள்களில் பெயரோடு பதிவாயின. இன்னாருடைய மகன் இன்னார் என மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில் நிலைத்த பெயர் பயன்பட்டது. இவ்வழக்கம் தென்னிங்கிலாந்தில் முந்தியும் வடபகுதியில் பிந்தியும் வேரூன்றியது. 1400ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலக் குடும்பங்களில் பெரும்பாலானவை பரம்பரைப் பெயர் பெற்றுவிட்டன என்பது ஆய்வாளர் முடிபு.

இடத்தாற் பெற்ற பெயர்

நால்வகையுள் மிகுதியானது இடத்தால் வந்த பெயர். குடியிருப்பின் அருகிலுள்ள இயற்கைப் பொருளும் கட்டடமும் பெயராயின. ஹில் குன்று, உட் காடு, புரூக் ஓடை, போர்டு ஆற்றுத்துறை, கிரீன் ஊர்ப் பொதுப்புல்வெளி, ஹீத் புதர்க்காடு. டவுன்சென்ட் என்பவர் ஊர்க்கோடியில் வாழ்ந்தவர். அண்டர்ஹில் குன்றின் அடியில் இருந்தவர். சில பெயர்களில் சொற்கள் புணர்ந்து உருமாறியதால் பொருள் மறைந்து கிடக்கிறது. ‘அருகே’ என்னும் பொருளுடைய ‘அட்டன்’ என்ற சொல் மரப்பெயரோடு சேரும்போது அதன் இறுதி னகரம் வருமொழியோடு ஒட்டிக்கொண்டது. ‘ஆஷ்’ மரத்தருகே வாழ்ந்தவர் நாஷ் ஆனதும், ‘ஓக்’ மரங்களருகே வாழ்ந்தவர் நோக்ஸ் ஆனதும் இவ்வாறுதான்.

ஊர்ப்பெயர் தாங்கியோர் வரலாறு இன்னும் நுட்பமானது. ஓரூரில் வாழும் அனைவரும் அவ்வூரினரே ஆகையால், அங்கு இருக்கும்வரை ஒருவரை அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில் பயனில்லை. ஊரைவிட்டு வெளியேறி வேற்றூரில் குடியேறிய பின்னரே அப்பெயர் அடையாளமாகிறது. லண்டன் என்னும் குடும்பப் பெயர் லண்டனைவிட்டு வந்தவருக்கு வெளியூரார் இட்டது. ஸ்காட், பிளெமிங், பிரெஞ்ச், பிரெட் என்பன முறையே ஸ்காட்லாந்து, பிளாண்டர்ஸ், பிரான்சு, பிரித்தானி ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரைக் குறித்தன. வால்ஷ், வாலஸ் ஆகியவற்றின் வேர்ச்சொல்லுக்கு ‘அயலான்’ என்றே பொருள்; தம் மண்ணில் தமக்கு முன்னரே வாழ்ந்த வேல்சு இனத்தாரைப் பழைய ஆங்கிலேயர் அழைத்த பெயர் அது. ஆக, ஊர்ப்பெயர்கள் நிலைகுடியின் சான்று எனத் தோன்றினும் உண்மையில் அவை புலம்பெயர்வின் சான்றுகள். இடைக்கால உழவர் பிறந்த மண்ணைவிட்டு அகலாதவர் என்னும் பொதுக் கருத்தை இப்பெயர்களே மறுத்துவிடுகின்றன.

தொழிலாற் பெற்ற பெயர்

இங்கிலாந்தில் இன்று மிக அதிகமானோர் தாங்கும் பெயர் ஸ்மித். கொல்லர் என்பது அதன் பொருள். ஏர்க்கொழுவும் குதிரை இலாடமும் கதவுக் கீலும் செய்ய ஊருக்கு ஒரு கொல்லராவது வேண்டியிருந்தது. அவர் ஒருவராகவே இருந்தமையால் தொழிற்பெயர் அவரைத் தெளிவாகச் சுட்டியது. உழுதோர் தொகை அதனினும் பெரிதன்றோ, உழவரைக் குறிக்கும் பிளவ்மன் என்னும் பெயர் ஏன் அருகியது என்று கேட்கலாம். எல்லோரும் உழுத ஊரில் உழவர் என்னும் சொல் எவரையும் வேறுபடுத்திக் காட்டாது என்பதே காரணம். பார்மர் என்னும் பெயரும் தொடக்கத்தில் உழவரைக் குறிக்கவில்லை. குறித்த தொகையைச் செலுத்திவிட்டு வரியோ வாடகையோ தண்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவரைக் குறித்தது.

தொழிற்பெயர்களைத் தொகுத்து நோக்கினால் இடைக்கால ஊரொன்று கண்முன் எழுகிறது. பேக்கர் ரொட்டி சுடுபவர்; மில்லர் மாவாலை நடத்துபவர்; கூப்பர் பீப்பாய் செய்பவர்; டர்னர் கடைசற்காரர்; ரைட் தச்சர்; கார்ட்ரைட், வெயின்ரைட் ஆகியோர் வண்டி செய்யும் தச்சர். தாட்சர் கூரை வேய்பவர்; ஸ்லேட்டர் கற்பலகை வேய்பவர்; டைலர் ஓடு வேய்பவர். பார்க்கரும் பாஸ்டரும் பிரபுவின் வேட்டைக்காட்டைக் காத்தனர். வில் செய்தவர் போயர். அம்பு செய்தவர் பிளெட்சர். வில்லுக்கு நாண் முறுக்கியவர் ஸ்டிரிங்கர். வில்லும் அம்பும் போர்க்கருவிகளாக இருந்த நிலை மாறி நூற்றாண்டுகள் பலவாயினும், அத்தொழிலோர் பெயர்கள் தொலைபேசிப் புத்தகங்களில் இடம்பெறத் தவறவில்லை.

கம்பளித் துணி இங்கிலாந்தின் செல்வத்துக்கு அடிப்படையாக இருந்தது. தறியிலிருந்து இறங்கிய கம்பளி தளர்வாக இருக்குமாதலால், அதனை நீர்த்தொட்டியில் இட்டுக் காலால் மிதித்து அழுக்கு நீக்கித் திண்மைப்படுத்துவர். இத்தொழிலாளரைத் தென்கிழக்கில் புல்லர் என்றும், தென்மேற்கில் டக்கர் என்றும், வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர் என்றும் அழைத்தனர். வாக்கர் என்பதற்கு ‘நடப்பவர்’ என்று இன்று தோன்றும் பொருள், துணிமேல் ஓயாது நடந்த அக்கால்களிலிருந்தே வந்தது. நீராற்றலால் இயங்கும் ஆலைகள் பரவிய பின் மிதிக்கும் தொழில் மறைந்தது, பெயர் மறையவில்லை. ஒரே தொழிலுக்கு மூன்று பெயர்கள் இருந்தமையால், ஒரு குடும்பத்தின் முன்னோர் எத்திசையைச் சேர்ந்தவர் என்பதை அப்பெயரே குறிப்பாக உணர்த்திவிடுகிறது.

தோற்றத்தை நம்பிப் பொருள் கொண்டால் ஏமாற்றம் விளையவும் கூடும். கவர்ட் என்னும் பெயர் இன்றைய ஆங்கிலத்தில் கோழை எனப் பொருள்படும் சொல்லோடு ஒலியும் எழுத்தும் ஒத்திருப்பினும், அது மாடு மேய்த்தவரைக் குறித்தது. லாங்பாட்டம் என்பது நகைப்புக்குரிய பெயராகத் தோன்றினும் ‘நீண்ட பள்ளத்தாக்கு’ என்பதே அதன் பொருள்.

தந்தை பெயரும் தாய் பெயரும்

வடபகுதியில் ‘மகன்’ எனப் பொருள்படும் ‘சன்’ என்னும் ஈறு பெற்றும், தெற்கிலும் மேற்கிலும் சகர ஈறு மட்டும் பெற்றும் தந்தை வழிப் பெயர்கள் அமைந்தன. ராபர்ட்சன், ராபர்ட்ஸ் இரண்டும் ராபர்ட் ஒருவரையே தந்தையாகக் காட்டுகின்றன. நார்மானியர் வழக்கில் ‘மகன்’ என்பதற்கு ‘பிட்ஸ்’ முன்னொட்டாயிற்று. பிட்ஸ்ஜெரால்டு அவ்வாறு வந்தது.

ஐந்தாறு இயற்பெயர்களே ஆட்சி செலுத்திய காலத்தில் செல்லப்பெயர்கள் கைகொடுத்தன. ரிச்சர்டு என்பவர் டிக், ஹிக் என அழைக்கப்பட்டார். அவர் பிள்ளைகள் டிக்சன், ஹிக்ஸ் ஆயினர். ராபர்ட், ஹாப் என்றும் டாப் என்றும் ஆகி ஹாப்சனையும் டாப்சனையும் தந்தார். ரோஜர் ஹாட்ஜ் ஆனதால் ஹாட்ஜ்சன் பிறந்தது. வால்டர் வாட் ஆனதால் வாட்சன், வாட்கின்ஸ் பெயர்கள் தோன்றின. வீட்டு முற்றத்தில் தாய் தன் குழந்தையை அழைத்த ஒலி இன்று வங்கிக் காசோலையில் கையொப்பமாக நிற்கிறது.

தாயின் பெயரும் சிலவிடத்துக் குடும்பப் பெயராயிற்று. இசபெல் என்பவரின் செல்லப்பெயரிலிருந்து இப்பட்சன், மட்டில்டாவிலிருந்து டில்லட்சன், மேரியிலிருந்து மேரியட், எம்மாவிலிருந்து எம்மட் ஆகியவை வந்தன. கணவரை இழந்து தாமே நிலத்தைப் பேணிய பெண்டிரின் பிள்ளைகள் தாய் பெயரால் அறியப்படுவது இயல்பே. இத்தகைய பெயர்கள் எல்லாமே முறைதவறிப் பிறந்தோரைக் குறிப்பன என்று முற்காலத்தோர் சிலர் எண்ணியது பொருந்தாது.

ஆயினும் பெண்டிர்க்கு இவ்வரலாறு ஓர் இழப்பையும் உடன் கொணர்ந்தது. வெப்ஸ்டர், பாக்ஸ்டர், புரூஸ்டர் ஆகிய பெயர்களின் ‘ஸ்டர்’ ஈறு தொடக்கத்தில் பெண்பால் விகுதி. நெய்பவள், ரொட்டி சுடுபவள், மது வடிப்பவள் என்பன அவற்றின் முதற்பொருள். பின்னர் ஆடவரையும் குறிக்கத் தொடங்கி, இறுதியில் தந்தை வழியாகவே இறங்கும் பெயர்களாயின. யார்க்‌ஷயரின் 1379ஆம் ஆண்டு வரிப்பட்டியலில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பணியாள் எனப் பெண்கள் பதிவாகியுள்ளனர். ‘மகன்’ ஈற்றுப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் தழைக்க, ‘மகள்’ ஈற்றுப் பெயர்கள் அப்பெண்களோடு மறைந்தன. மனைவியைக் கணவருள் அடக்கிய சட்டக் கொள்கை வலுப்பெற்றபோது கணவரின் பெயரை ஏற்பதே பெண்ணுக்கு நெறியாயிற்று.

பட்டப் பெயர்கள்

ஊரார் நாவின் கூர்மையை அறியப் பட்டப் பெயர்களை நோக்க வேண்டும். ரஸல் செம்பட்டை முடியினர், பிளண்ட் பொன்னிற முடியினர், கிராண்ட் பேருடலினர், பெட்டிட் சிற்றுடலினர், ஆர்ம்ஸ்டிராங் தோள்வலி மிக்கவர், குரூக்ஷாங்க் வளைந்த காலினர். பாக்ஸ் நரி, லாம் ஆட்டுக்குட்டி, கிரேன் கொக்கு எனக் குணமும் வடிவும் விலங்கு பறவைகளின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டன. ‘கடவுள் ஆணை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைச் சொல்லுக்குச் சொல் சொல்லித் திரிந்தவர் பார்டோ எனப்பட்டார். தண்ணீர் குடிப்பவர் எனப் பொருள்படும் டிரிங்க்வாட்டர் வறியவரைக் குறித்ததோ, பெருங்குடிகாரரை எள்ளியதோ, ஊரார்க்கே வெளிச்சம்.

கிங், பிஷப், போப் முதலிய பெயர்களைத் தாங்கியோர் மன்னர்க்கும் ஆயர்க்கும் பாப்பரசர்க்கும் பிறந்தவர் அல்லர். துறவு பூண்ட பாப்பரசருக்கு வாரிசு ஏது? ஊர்த் திருவிழா நாடகங்களில் அவ்வேடம் தாங்கியவரும், அரசர் அல்லது ஆயர் மாளிகையில் பணிபுரிந்தவரும், செருக்கு நடையினரும் அப்பெயர்களைப் பெற்றனர்.

ஈட்டியை அசைப்பவர் என்னும் பொருளுடைய ஷேக்ஸ்பியரும் பட்டப் பெயரே. அதனைத் தாங்குவது இழிவெனக் கருதிய ஒருவர் அதனைக் கைவிட்டுச் சாண்டர்ஸ் என்னும் பெயரை ஏற்றதாக ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியின் 1487ஆம் ஆண்டு ஆவணம் குறிக்கிறது. அதற்கு எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1564இல் ஸ்டிராட்போர்டில் பிறந்த ஒருவர் அதே பெயரை உலகறியச் செய்தார். அவர் கையொப்பமாக எஞ்சியுள்ள ஆறிலும் எழுத்துகள் ஒருபடித்தாக அமையவில்லை என்பது, பெயர் நிலைத்த பின்னும் எழுத்துமுறை நிலைபெறாதிருந்ததைக் காட்டும்.

எழுதுகோலும் தீயும்

நாவில் வழங்கிய அடைமொழி ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறக்கூடியது. ஒருவரே ஓரிடத்தில் ‘கொல்லர்’ என்றும், மற்றோரிடத்தில் ‘குன்றடியார்’ என்றும் பதிவானதுண்டு. எழுதியோர் இலத்தீன் மொழியில் எழுதியமையால் ஊரார் ஸ்மித் என்றழைத்தவரைப் ‘பாபெர்’ என்று குறித்தனர். பிரெஞ்சு அறிந்தோர் ‘லெ பெவ்ர்’ என்றனர். மூன்றும் கொல்லரையே சுட்டின. இம்மாற்றங்களுக்கு இடையே ஒரு பெயரைப் பிடித்து நிறுத்தியது மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட பட்டியலே.

பட்டியல்களுள் கொடியது தலைவரிப் பட்டியல். பிரான்சோடு நடந்த நெடும்போருக்குப் பொருள் தேடிய அரசு, 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் மீதும் நான்கு பென்னி விதித்தது. 1379இல் தகுதிக்கேற்ற வரி வந்தது. 1380ஆம் ஆண்டின் இறுதியில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்குத் தலைக்குப் பன்னிரண்டு பென்னி என முடிவாயிற்று. 1348இல் தொடங்கிய கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொண்டுபோயிருந்தது. எஞ்சிய உழைப்பாளர் கூடுதல் கூலி கேட்டபோது 1351ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. அதன்மேல் இவ்வரியும் சேர, 1381இல் எசெக்ஸ், கென்ட் வட்டாரங்களில் உழவர் கிளர்ந்தெழுந்தனர்.

அக்கிளர்ச்சியின் தலைவர் வாட் டைலர். வால்டரின் செல்லப்பெயரும் ஓடு வேய்வோரின் தொழிற்பெயரும் சேர்ந்ததே அப்பெயர். அவரைப் பற்றி உறுதியாக அறியக்கூடியவற்றுள் அதுவும் ஒன்று. கிளர்ச்சியாளர் சென்ற இடமெல்லாம் பண்ணைச் சுருள்களைத் தேடியெடுத்துத் தீயிட்டனர். தம் அடிமைத்தனத்துக்குச் சான்று அவற்றிலேயே உள்ளது என்பதை எழுத்தறியாத அவர்கள் நன்கறிந்திருந்தனர். இன்னார் பண்ணையாள், இன்னாருக்கு இத்தனை நாள் வேலை செய்யக் கடமைப்பட்டவர், இன்னார் மகனும் அவ்வாறே என அச்சுருள்கள் கூறின. பெயர் நிலைத்தமையால் கடமையும் தலைமுறைதோறும் நிலைத்தது. ஜூன் 15ஆம் நாள் லண்டன் ஸ்மித்பீல்டு வெளியில், மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் முன்னிலையில் வாட் டைலர் வெட்டுண்டார், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. எரியாது எஞ்சிய சுருள்களே பிற்காலத்தோருக்கு அவ்வெளியோரின் பெயர்களைக் காத்துத் தந்தன. அடக்கி ஆள எழுதிய கணக்கே, வரலாறு மறந்தவர்களின் ஒரே நினைவுச் சின்னமாயிற்று என்பது எண்ணி வருந்தற்குரியது.

காரணம் நீங்கிய பெயர்

பெயரும் தொழிலும் பிரிந்துவிட்டதை அக்காலத்துப் பெருங்கவிஞர் சாசரின் குடும்பத்திலேயே காணலாம். சாசர் என்னும் பிரெஞ்சு வழிச் சொல் காலணி, காலுறை செய்வோரைக் குறித்தது. 1400இல் மறைந்த அக்கவிஞரோ அரசுப் பணியாளர். அவர் தந்தை ஜான் சாசர் லண்டனில் மது வணிகர். காரணம் எப்போதோ நீங்கிவிட்டது; பெயர் மட்டும் நின்றது.

சட்டமும் இதனை உணர்ந்தது. 1413இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வழக்கு ஆணைகளில் ஒருவரின் பெயரோடு அவர்தம் தகுதி அல்லது தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுதவேண்டும் என விதித்தது. ஸ்மித் எனப் பெயருடையார் கொல்லராக இருந்த காலத்தில் இத்தகைய சட்டத்துக்குத் தேவை இல்லை. 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்குக் கோயிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்யலாயிற்று. அதன்பின் ஏழை எளியோரின் பெயரும் தொட்டில் முதல் கல்லறை வரை ஏட்டில் தொடர்ந்தது.

அண்டை நாடுகளில் இம்மாற்றம் வற்புறுத்தலாகவும் வந்தது. அயர்லாந்தில் ஆங்கில ஆட்சிக்குட்பட்ட டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் ஆங்கிலப் பெயர் சூடவேண்டும் என 1465ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது. ஓர் ஊரின் பெயர், வெள்ளை கறுப்பு போன்ற நிறத்தின் பெயர், கொல்லர் தச்சர் போன்ற தொழிலின் பெயர், சமையலர் போன்ற பணியின் பெயர் என எதையேனும் தெரிந்துகொள்ளலாம் என்றது அச்சட்டம். இங்கிலாந்தில் ஊரார் வாயில் இயல்பாக முளைத்த வகைகளே அங்கு ஆணையின் பட்டியலாயின.

வேல்சு நாட்டிலோ ‘இன்னார் மகன் இன்னார் மகன் இன்னார்’ எனப் பல தலைமுறை முன்னோரை அடுக்கிச் சொல்லும் மரபு இருந்தது. 1536ஆம் ஆண்டுக்குப் பின் ஆங்கிலச் சட்டமும் நிருவாகமும் அங்குப் பரவியபோது அம்மரபு படிப்படியாகத் தேய்ந்தது. ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆகவும், ‘ஆப் ஹவல்’ பவல் ஆகவும், ‘ஆப் ஹியூ’ பியூ ஆகவும், ‘ஆப் ஓவன்’ போவன் ஆகவும் சுருங்கின. முன்னோர் வரிசையையே தாங்கிய ஒரு தொடர் ஒற்றைச் சொல்லாயிற்று. சென்னையின் பாரி அவ்வாறு சுருங்கியவற்றுள் ஒன்று.

ஆய்வும் தெளிவும்

குடும்பப் பெயர்களை ஆராயும் முயற்சி பழமையானது. வில்லியம் காம்டன் 1605இல் வெளியிட்ட நூலில் இதற்கெனத் தனிப்பகுதி அமைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ரீனி தொகுத்த அகராதி 1958இல் வந்தது. பெயரின் இன்றைய ஒலியை நம்பாது, இடைக்காலப் பதிவுகளில் அதன் பழைய வடிவத்தைக் கண்டறிந்தே பொருள் கூறவேண்டும் என்னும் நெறியை அது வலியுறுத்தியது. 45,000க்கும் மேற்பட்ட பெயர்களை விளக்கும் ஆக்ஸ்போர்டு அகராதி 2016இல் வெளியாயிற்று.

அறிவியலும் இத்துறைக்குத் துணை வந்துள்ளது. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் நிறப்புரி, குடும்பப் பெயர் செல்லும் வழியிலேயே செல்கிறது. ஆக்ஸ்போர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், ‘எல்லை ஓடை’ எனப் பொருள்படும் தம் பெயரையே தாங்கிய 48 ஆடவரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் பாதியை நெருங்கியோர் ஒரே மூதாதையின் வழியினர் எனத் தெரிந்தது. மாறாக, ஸ்மித் போன்ற பெரும்பெயர் தாங்கியோரிடம் அத்தகைய ஒற்றுமை இல்லை. ஊர்தோறும் ஒரு கொல்லர் இருந்தமையால் அப்பெயர் பல நூறு இடங்களில் தனித்தனியே தோன்றியது. பெயர் ஒன்றாயினும் குருதி ஒன்றன்று.

அரச வம்சங்களின் வரலாற்றைக் கல்லும் செப்பேடும் காவியமும் காத்து நிற்கின்றன. தொட்டியில் கம்பளி மிதித்தவருக்கும், நாண் முறுக்கியவருக்கும், ஊர்க்கோடியில் குடிசையிட்டவருக்கும் அவ்வாறு எதுவும் இல்லை. பெற்றோர் வைத்த இயற்பெயர் பிறரோடு பொதுவானது. தமக்கே உரியதாக அவர்கள் விட்டுச் சென்றது அயலார் இட்ட அடைமொழி ஒன்றே. அதனைக் கோடிக்கணக்கானோர் இன்று பொருளறியாமலே தாங்குகின்றனர்.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியத் தொடர்புடைய பெயரை விலக்க விரும்பிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், 1917ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் தம் குடும்பத்துக்கு விண்ட்சர் என்னும் பெயரை அறிவித்தார். தாம் வாழ்ந்த கோட்டை அமைந்த ஊரின் பெயர் அது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓடையருகே வாழ்ந்த ஒருவர் புரூக் ஆனதும் இம்முறையில்தான். ஒரு வேறுபாடு உண்டு: மன்னர் தம் பெயரைத் தாமே தெரிந்துகொண்டார், ஓடையருகே வாழ்ந்தவருக்கோ அயலார் சொன்னதே பெயராயிற்று.